அலிசனுக்கு அரை மணி நேரம் பாக்கி

‘தி அஃபேர்’ தொடரை எழுதிய குழுவினருக்கும் அதை ஒளிபரப்பிய ஷோடைம் தொலைக்காட்சிக்கும்,

வணக்கம்.

முதலில் தாமதத்துக்கு மன்னிப்பு. உங்கள் தொடர் 2019 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. நான் அதைப் பார்த்து முடித்தது இந்த வருஷம்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தன் லேப்டாப்பைக் கொடுத்த தயவில். என் தொழிலில், கெடு முடிந்த பிறகு ஒரு மனு போடுவதானால், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி கூடவே இன்னொரு மனுவும் போட வேண்டும். ‘கன்டோன் டிலே’ என்போம். இந்தப் பத்தியை அந்த மனுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தட்டச்சு செய்கிறேன். வருவதில் பாதிக்கு மேல் குடும்ப நல வழக்குகள். ஒரு வாரம் கணவனுக்கு மனு தட்டுவேன், அடுத்த வாரம் வேறு வழக்கில் மனைவிக்குக் கவுன்ட்டர், அதாவது பதில் மனு. “மூன்றாவது பேராவில் சொல்லப்பட்டிருப்பது முற்றிலும் பொய், அதை மனுதாரர் நிரூபிக்கக் கடமைப்பட்டவர்” என்ற வரியை என் விரல்கள் தூக்கத்தில்கூடத் தட்டும். ஒரே ராத்திரியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வது எனக்கு அன்றாடம். அதனால்தான் உங்கள் முதல் பகுதி பாதி ஓடும்போதே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

லாங் ஐலண்டின் கிழக்குக் கோடி, மான்டாக். கோடை விடுமுறைக்கு மாமனார் வீட்டுக்கு வருகிறான் நோவா. புரூக்ளினில் பள்ளி ஆசிரியர், ஒரே ஒரு நாவல் எழுதி அது கவனிக்கப்படாமல் போனவன், நான்கு பிள்ளைகளின் அப்பா. வழியில் ஒரு கடலோர உணவகத்தில் சாப்பிட உட்காருகிறார்கள். பரிமாற வருபவள் அலிசன். நோவாவின் சின்ன மகள் ஒரு கோலிக்குண்டை விழுங்கி மூச்சுத் திணறுகிறாள். நோவா சொல்லும் பாதியில், குழந்தையைக் காப்பாற்றுவது நோவா. அரை மணி நேரம் கழித்து அலிசன் சொல்லும் பாதி வருகிறது. அதே மேசை, அதே குழந்தை, அதே கோலிக்குண்டு. காப்பாற்றுவது அலிசன்.

நோவாவின் பாதியில் அலிசனின் சீருடை குட்டையாக இருக்கிறது, முடி அவிழ்ந்து கிடக்கிறது, பார்வையில் ஓர் அழைப்பு இருக்கிறது. அலிசனின் பாதியில் அதே சீருடை நீளம், தலைமுடி வேலைக்காகத் தூக்கிக் கட்டியது, முகத்தில் தூக்கம் கெட்ட அசதி. உடை வடிவமைப்பாளருக்கு ஒரு கும்பிடு. வசனத்தில் ஒரு வார்த்தை மாற்றாமல் ஒரு ஆளின் மனசைத் திறந்து காட்டிவிட்டார்.

இதை நான் தொழில்முறையில் நம்புகிறேன். இரண்டு தரப்பும் பெரிய விஷயங்களில் அவ்வளவாக முரண்படாது. கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது, குழந்தை எந்த வருஷம் பிறந்தது, அவர் எந்தத் தேதியில் வீட்டை விட்டுப் போனார், இதெல்லாம் ஒத்துப்போகும். முரண்பாடு முழுக்கச் சின்னச் சின்ன விஷயங்களில். சாப்பாடு ஆறிப்போயிருந்ததா, சூடாக இருந்ததா. அவள் கதவைச் சாத்தினாளா, அறைந்தாளா. இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள், இரண்டு பேரும் உண்மையாகவே சத்தியம் செய்வார்கள். ஆரம்பத்தில் இவர்களில் ஒருத்தர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் தட்டினேன். நாலைந்து வருஷத்தில் அந்த நினைப்பு போய்விட்டது.

எங்கள் ஊர்க்காரர்களிடம் உங்கள் தொடரைப் பற்றிச் சொன்னால் உடனே “விருமாண்டி மாதிரியா?” என்று கேட்கிறார்கள். 2004-இல் வந்த கமல்ஹாசன் படம் அது. ஒரே கதையைக் கொத்தாளத் தேவர் ஒரு தடவை சொல்வார், விருமாண்டி ஒரு தடவை சொல்வான். நல்ல படம், ஆனால் அதில் ஒருவர் சொல்வது பொய், மற்றவர் சொல்வது மெய். நீங்கள் செய்தது அது கிடையாது. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். குழந்தையைக் காப்பாற்றியது யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. முதல் சீசன் முழுக்க அந்த நெஞ்சுரம் இருந்தது. 2015 ஜனவரியில் கோல்டன் குளோபில் சிறந்த நாடகத் தொடர் விருதும், அலிசனாக நடித்த ரூத் வில்சனுக்குச் சிறந்த நடிகை விருதும் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முதல் பகுதியில் இன்னோர் இடம் உண்டு, சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். இரவில் அலிசன் வீட்டருகே, காரின் முன்பக்கத்தில் அவளையும் அவள் கணவன் கோலையும் நோவா பார்க்கிறான். நோவாவின் நினைவில் அது பலாத்காரம். அலிசனின் நினைவில் அவளும் விரும்பி நடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தம்பதி, துக்கத்தில் ஒருவர் உடம்பை ஒருவர் தேடியது. நோவாவுக்கு அவளைக் காப்பாற்ற வேண்டிய ஒருத்தியாகப் பார்த்தால்தான் அவளோடு மேற்கொண்டு நடக்கப்போகும் கள்ள உறவுக்கு ஒரு நியாயம் கிடைக்கும். பார்த்த கண் அப்படித்தான் பார்த்தது. கள்ள உறவில் இறங்கிய எத்தனையோ ஆண்களின் வாக்குமூலங்களைத் தட்டியிருக்கிறேன். “அவள் அந்த வீட்டில் கஷ்டப்பட்டாள் சார்” என்றுதான் தொடங்குவார்கள். இனிமேல் அந்த வரியைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வரும்.

இரண்டாம் சீசனில் கதை சொல்பவர்கள் இரண்டு பேர் நான்கு பேரானார்கள். நோவாவின் மனைவி ஹெலனும் கோலும் வந்து சேர்ந்தார்கள். என்னைக் கேட்டால் உங்கள் தொடரின் உச்சம் அதுதான். அந்த சீசனின் முதல் பகுதியிலேயே நோவாவும் ஹெலனும் விவாகரத்துக்கான மத்தியஸ்தத்தில் உட்காருகிறார்கள். அந்தக் கூட்டம் இரண்டு தடவை வருகிறது. எங்கள் நீதிமன்றத்தில் கவுன்சலிங் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு உண்டு. உள்ளே இருந்து வெளியே வரும் ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். “அவர் முகத்துல ஒரு சலனமும் இல்ல பாத்தீங்களா” என்பாள் மனைவி. “அவ கல்லு மாதிரி உக்காந்திருந்தா” என்பார் கணவர். ஒரே அறை, ஒரே பத்து நிமிஷம்.

ஹெலனைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஏமாற்றப்பட்ட மனைவி என்றால் கதைகளில் அவளுக்கு இரண்டே வேலை, அழுவது அல்லது பழிவாங்குவது. எங்கள் ஊர் மெகா தொடர்களில் மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு, கோயிலுக்குப் போவது. உங்கள் ஹெலன் இது எதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டேன் என்கிறாள். போதையோடு காரை எடுத்து, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்ப் போலீஸில் மாட்டுகிறாள். பணக்கார அப்பா அம்மாவின் மேல் கோபம், அவர்களுடைய பணத்தைத் தொடாமலும் இருக்க முடியவில்லை. தனக்கு அநியாயம் நடந்தது என்று அவளுக்குத் தெரியும், தானும் யோக்கியம் இல்லை என்றும் தெரியும். மோரா டியர்னி அந்த இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருந்தார். துணை நடிகைக்கான கோல்டன் குளோப் 2016-இல் அவருக்குக் கிடைத்தது. துணை நடிகை என்று எந்தக் கணக்கில் சொன்னார்களோ!

கோல் பாவம். பிள்ளை போச்சு, மனைவி போனாள், பண்ணையும் போச்சு. சொந்த ஊரிலேயே டாக்சி ஓட்டுகிறான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், தொடரோடு நேரடியாகச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். எங்கள் மொழியில் ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முந்தைய அகப்பாடல்களில் கவிஞர் தன் குரலில் பேசமாட்டார். தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், தலைவன் பேசுவான், அவன் தேடிப்போன மற்றவளும் பேசுவாள். ஒவ்வொன்றுக்கும் ‘கூற்று’ என்று பெயர். குறுந்தொகையின் எட்டாவது பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது, அந்த மற்றவளின் கூற்று. மனைவி தன்னைப் பற்றி ஏதோ இளக்காரமாகப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, மனைவிக்கு வேண்டியவர்களின் காதில் விழும்படி சொல்கிறாள்: எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பேச்சு பேசுகிறான், தன் வீட்டுக்குப் போனால் கையைத் தூக்கினால் கையும் காலைத் தூக்கினால் காலும் தூக்குகிற கண்ணாடிப் பாவை மாதிரி, மகனைப் பெற்றவள் விரும்புவதையெல்லாம் செய்கிறான்.

உங்கள் நோவாவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? அலிசனிடம் பெரிய எழுத்தாளன். மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், புகழ்பெற்ற நாவலாசிரியரான மாமனாருக்கு முன்னால், கண்ணாடிப் பாவை. நான் இதைச் சொல்வது பெருமை பீற்றிக்கொள்ள இல்லை. ‘மற்றவள்’ வாயைத் திறந்தால்தான் அந்த ஆணின் இன்னொரு பக்கம் தெரியவரும். மனைவிக்கும் தெரியாத பக்கம், அவனுக்கே தெரியாத பக்கம். அலிசனின் பாதி உங்களுக்கு அந்த அளவுக்கு முக்கியம். அதை நீங்களும் ஒரு காலத்தில் தெரிந்துதான் வைத்திருந்தீர்கள்.

இனி புகார்.

நோவா நடந்ததையெல்லாம் நாவலாக எழுதுகிறான். அலிசனின் உடம்பு, அவளுடைய ஊர், அவளுடைய துக்கம், எல்லாம் அதில் போகிறது. புத்தகம் பிரமாதமாக விற்கிறது. அந்த நாவல் முதல் சீசனில் வெறும் யோசனையாக இருக்கும்போதே, முடிவு என்ன என்ற பேச்சு வருகிறது. அந்தப் பெண் செத்துப்போகிறாள் என்கிறான் நோவா. பார்த்தபோது உங்கள் எள்ளலை ரசித்தேன். தனக்குச் சிக்கலாகிவிட்ட பெண்ணைக் கதையில் தீர்த்துக்கட்டுகிற எழுத்தாளனைக் காட்டிச் சிரிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று சீசன் கழித்து நீங்களே அதைச் செய்வீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது சீசனைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சிறைக் காவலர், கழுத்தில் கத்திக் காயம், பாரிஸ். பிரெண்டன் ஃப்ரேசர் நன்றாக நடித்தார், அவ்வளவுதான்.

நான்காவது சீசன், ஒன்பதாவது பகுதி. 2018 ஆகஸ்டில் ஒளிபரப்பானது. அலிசனும் அவளுடைய அப்போதைய காதலன் பென்னும் மட்டும், ஒரே இரவு, ஒரே வீடு. அது இரண்டு தடவை வருகிறது, இரண்டும் அலிசனின் பார்வையில். முதல் தடவை மெதுவாக, சோகமாக, ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முயல்கிற மாதிரி. இரண்டாவது தடவை, அவனுக்கு மனைவி இருப்பதை மறைத்தது வெளியே வந்து, பேச்சு முற்றி, அவன் அவளைக் கொன்று கடலில் போடுகிறான். எழுத்தாகப் பார்த்தால் உங்கள் ஆகத் திறமையான ஒரு மணி நேரம் அது. அன்றைக்கு நான் லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய், காய்ந்த துணியை எடுக்காமலே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள்தான் கோபம் வந்தது. நாற்பது பகுதிகளாக ஒரு நியதியைச் சொல்லிக்கொடுத்தீர்கள். எந்தப் பாதியும் முழு உண்மை கிடையாது, இரண்டு பாதிக்கும் நடுவில் நீயே நின்று பார்த்துக்கொள் என்றீர்கள். அந்தப் பகுதியில் இரண்டாவதுதான் உண்மை. வேறு வழி இல்லை, ஏனென்றால் பிணம் இருக்கிறது. முதல் தடவை என்பது அவள் ஆசைப்பட்ட இரவு, இரண்டாவது நடந்த இரவு. அப்படியானால் இத்தனை நாள் அவளுடைய பார்வை என்று நாங்கள் மதித்துப் பார்த்ததில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு ஆசை? நோவாவுக்கு இந்தச் சோதனையை நீங்கள் ஒருதடவைகூட இவ்வளவு கொடூரமாக வைக்கவில்லை. குழந்தை மூச்சுத் திணறிய அந்த மேசையில் யார் சொன்னது சரி என்பதை மட்டும் இருட்டிலேயே விட்டீர்கள். அலிசன் விஷயத்தில் வெளிச்சத்தைப் போட்டீர்கள், அதுவும் அவள் சாகும் நேரம் பார்த்து.

போலீஸ் அதைத் தற்கொலை என்று எழுதிக்கொள்கிறது. மகனைக் கடல் தண்ணீருக்குப் பறிகொடுத்தவள், முன்பே உயிரை மாய்க்க நினைத்தவள், அதனால் இதுவும் அப்படித்தான். கோலைத் தவிர யாருக்கும் அதில் பெரிய சந்தேகம் இல்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதை மற்றவர்கள் அவளுக்குப் பதிலாகத் தீர்மானிக்கிறார்கள். இதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. எக்ஸ்பார்ட்டி. எதிர்மனுதாரர் பெயரை நீதிமன்ற ஊழியர் மூன்று முறை கூப்பிடுவார். ஆள் வரவில்லை என்றால், வந்திருக்கும் ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு. வழக்குக் கட்டில் அவர் பக்கத்துக் காகிதங்கள் மட்டும் இருக்கும்.

அந்தப் பகுதி வந்த அடுத்த மாதம், 2018 செப்டம்பர் 27-இல், எங்கள் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை ரத்து செய்தது. 1860-ஆம் வருஷத்துச் சட்டம். இன்னொருவன் மனைவியோடு உறவு வைத்தால் ஆணுக்கு ஐந்து வருஷம்வரை சிறை. புகார் கொடுக்க வேண்டியவன் அவளுடைய கணவன். கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. அந்தப் பெண் குற்றவாளியும் கிடையாது, கணவன் துரோகம் செய்தால் புகார் கொடுக்கிற உரிமையும் அவளுக்குக் கிடையாது. 158 வருஷம், இரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரு சொத்துத் தகராறு மாதிரி அதை நடத்தினார்கள். ரத்தான அன்று சாயங்காலம் எங்கள் சீனியர், “இனி எல்லாருக்கும் லைசென்ஸ்தான்” என்று கிண்டலடித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சம்பளம் கொடுப்பவர். ஆனால் அந்தப் பிரிவைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு பெண்ணின் கூற்றுக்கு ஒரு வரிகூட இடம் இல்லை. விவாகரத்துக்கு அது இன்றும் ஒரு காரணம்தான், அதனால் எனக்கு வேலை குறையவில்லை.

சரி, உங்கள் எழுத்தாளர் அறைக்கு வருவோம். ரூத் வில்சன் தானாகக் கேட்டுத்தான் விலகினார், அதனால் அலிசனின் கதையை முடிக்க வேண்டியதாகிவிட்டது என்பீர்கள். தெரியும். 2018-இல் அவர், தான்தான் விலக விரும்பியதாகவும் காரணத்தைச் சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றும் தொலைக்காட்சியில் சொன்னார். 2019 டிசம்பரில், தொடர் முடிந்த பிறகு, ‘தி ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ பத்திரிகை அவருக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் நிர்வாணக் காட்சிகள் தொடர்பாக இருந்த மனக்கசப்பைப் பற்றி எழுதியது. தொடரை ஹகாய் லெவியோடு சேர்ந்து உருவாக்கியவரான சாரா ட்ரீம் அதை மறுத்து, தன் தரப்பை நீண்ட கட்டுரையாக எழுதினார். இதில் யார் சொல்வது சரி என்று மதுரையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. ஒரு தரப்பு கட்டுரையாக வந்தது, இன்னொரு தரப்பு பேச அனுமதி இல்லை என்ற அளவில் நின்றது. உங்கள் தொடரின் அத்தனை ரசிகர்களும் அந்த வாரம் அதைக் கவனித்திருப்பார்கள். பார்வை மாறினால் கதை மாறும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே.

நடிகை போன பிறகு பாத்திரத்தைச் சாகடிப்பது தொலைக்காட்சியில் சகஜம். இங்கே மாலை போட்ட புகைப்படத்தை மாட்டிவிட்டு ஒரே வாரத்தில் கதையை நகர்த்துவார்கள், சில சமயம் அதே பாத்திரத்துக்கு “இவருக்குப் பதில் இவர்” என்று எழுத்துப் போட்டு வேறு ஆளைக் கொண்டுவருவார்கள். உங்களிடம் அந்தச் சாமர்த்தியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு வசதி இருந்தது. உங்கள் தொடரில் காட்சி என்பதே ஒருவரின் நினைவு. ஆள் செத்த பிறகும் நினைவைச் சொல்லலாம். முதல் சீசனில் நோவா மட்டும் சொல்லி, அலிசன் சொல்லாமல் விட்ட நாட்கள் எத்தனை இருந்தன! ஒரு நாட்குறிப்பு, ஒரு கடிதம், பாதியில் நின்ற ஒரு குரல் பதிவு, எதுவும் போதும். நடிகையே வேண்டாம். “இரண்டாம் பாகம்: அலிசன்” என்று எழுத்தைப் போட்டுவிட்டு, காலியான அந்த உணவகத்தை அரை மணி நேரம் காட்டியிருந்தால்கூட நான் உட்கார்ந்து பார்த்திருப்பேன்.

ஐந்தாவது சீசனில் என்ன செய்தீர்கள்? பல பத்தாண்டுகள் தாண்டிப் போய், அலிசனின் வளர்ந்துவிட்ட மகள் ஜோனியைக் கொண்டுவந்தீர்கள். கடல் மான்டாக்கைத் தின்றுகொண்டிருக்கிறது. அம்மா தற்கொலை செய்துகொண்டாள், அந்த ரத்தம்தான் தனக்கும் என்று நம்பி வளர்ந்த ஒரு பெண். அந்த யோசனை எனக்குப் பிடித்தது. அலிசனுக்கு எதிராக எழுதப்பட்ட எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு அவள் மகள் தலையில் இறங்கியிருக்கிறது என்று நீங்களே காட்டினீர்கள். ஆனால் கூண்டில் ஏற்றப்படுபவர்கள் வேறு ஆட்கள். ஜோனி பேசுகிறாள், ஹெலன் பேசுகிறாள், நோவாவின் மூத்த மகள் விட்னிகூடப் பேசுகிறாள். நோவா பேசிக்கொண்டே இருக்கிறான். அலிசனுக்கு ஒரு பாகம்கூட இல்லை. கடைசியில் நரைத்துப்போன நோவா அதே உணவகத்தை நடத்துகிறான், விட்னியின் கல்யாணத்துக்குப் பழகிய ஆட்டத்தைக் கடலோரப் பாறை மேட்டில் தனியாக ஆடுகிறான், படம் முடிகிறது.

அவள் பரிமாறிய கடை, அவள் பிறந்த ஊர், அவளைத் தூக்கிப் போட்ட கடல். ஆடுவது அவன்.

நான் அந்தக் காட்சியில் அழுதேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கிழவர்கள் ஆடினால் எனக்குத் தாங்காது.

ஒரு கட்சிக்காரரைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கணவர் தொடர்ந்த விவாகரத்து வழக்கில் அவருக்கு நோட்டீஸே கைக்கு வரவில்லை, அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பாகிவிட்டது. எட்டு மாதம் கழித்து எங்களிடம் வந்தார். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம், முப்பது நாள் கெடு தாண்டிவிட்டதால் கூடவே தாமத மனுவும் போடலாம் என்று ஜூனியர் விளக்கினார். அந்தம்மாள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, “அவர் என்ன எழுதியிருந்தாரு, அத மட்டும் காட்டுங்க” என்றார். நகல் வாங்கிக் கொடுத்தோம். பதினான்கு பேரா. வேறொருவருடன் பழக்கம், வீட்டைக் கவனிக்கவில்லை, எல்லாம் இருந்தது. நிதானமாகப் படித்தார். பதினோராவது பேராவில் விரலை வைத்தார். ‘தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தனியே விட்டுவிட்டு வீட்டைவிட்டு வெளியேறினார்’ என்று இருந்தது.

“பிள்ள முழிச்சுத்தான் இருந்தான். டாட்டா காட்டுனான்” என்றார். “இத மட்டும் எங்கயாச்சும் எழுதிக் குடுங்கம்மா.”

மற்ற பதின்மூன்று பேராக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கும் போடவில்லை. அந்த ஒரு வரியை வெள்ளைத் தாளில் தட்டிக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே என் வேண்டுதல் பின்வருமாறு. தொடரை மறுபடி எடுக்கச் சொல்லவில்லை. ஐம்பத்து மூன்று பகுதிகள் போதும், அதிலேயே பத்து அதிகம். உங்களில் ஒருவர், யாராவது ஒருவர், எப்போதாவது உட்கார்ந்து, அலிசனின் பாகத்தைத் தாளில் மட்டும் எழுதுங்கள். மகனைக் கடலில் இருந்து தூக்கிவந்து, பிழைத்துவிட்டான் என்று நம்பிப் படுக்கவைத்த அந்த இரவைக்கூட எழுத வேண்டாம், அது அவளிடமே இருக்கட்டும். அவள் பரிமாறிய ஒரு சாதாரண நாள் போதும். நோவா குடும்பம் வருவதற்கு முந்தின நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் மேசைக்கு காபி, ஏழாம் மேசைக்கு பில், சீருடை முழங்காலுக்குக் கீழே.

இப்படிக்கு,
ஒரு தட்டச்சர்,
மதுரை.